முகூர்த்த நாளில் வந்த ஜல்லி லாரி

1. லாரி நிற்க இடமில்லாத சைட்

கட்டடத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் டிராயிங் பார்க்கப் படிக்கிறார்கள், எஸ்டிமேட் போடப் படிக்கிறார்கள். ஜல்லி லாரி எப்போது வரும், எங்கே நிற்கும், யார் சொல்லி அது பின்னால் நகரும் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கும் சொல்லித்தரவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டடத்துக்கு சைட் சூப்பர்வைசராகப் போன முதல் நாளே இந்தக் கவலை என்னைப் பிடித்துக்கொண்டது.

சைட்டுக்கு முன்னால் காலியிடமே கிடையாது. வாசலில் கால் வைத்தால் பஸ் போகிற ரோடு. பக்கத்தில் ஒரு சந்து. லாரி அதற்குள் ரிவர்ஸில்தான் வர முடியும். முதல் வாரமே ஜல்லி லாரி ஒன்று பட்டப்பகலில் வந்து ரோட்டுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டது. பின்னால் பஸ்கள் வரிசை கட்டி நின்றன. டிராஃபிக் போலீஸ்காரர் வீதியே பார்க்க என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். அவர்மேல் தப்பில்லை.

அதற்குப் பிறகு நானாகவே ஒரு ஏற்பாடு செய்தேன். மணலோ ஜல்லியோ கம்பியோ, எதுவானாலும் விடிந்ததும் வந்து, கடைகள் திறப்பதற்குள் இறக்கிவிட்டுப் போய்விட வேண்டும். சந்து முனையில் தார் டிரம் வைத்துக் கயிறு கட்ட வேண்டும். லாரிக்குப் பின்னால் ஒரு ஆள் சிவப்பு, பச்சைக் கொடிகளோடு நிற்க வேண்டும். டிரைவர் அந்த ஆளைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். கண்ணாடியில் ஆள் தெரியவில்லையென்றால் பிரேக். வேறு யார் என்ன சொன்னாலும் நகரக் கூடாது.

2. கொடி பிடித்தவர்

கொடிக்கு ராஜாமணியக்காவைப் போட்டேன். பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்து முதல் பஸ்ஸில் வரும் சித்தாள். வயிற்றில் ஆபரேஷன் ஆன பிறகு அவரால் கலவைச் சட்டி சுமக்க முடியவில்லை. என்றைக்கு வேலைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்திலேயே இருந்தார்.

"ஏனுங்க சார், சும்மா நிக்கறதுக்கா எனக்குக் கூலி?" என்று கேட்டார்.

"சும்மா இல்லீங்கக்கா. நீங்க பச்சை காட்டுனாத்தான் லாரி அசையோணும்."

அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். நடந்து போகிறவர்களிடம், "கொஞ்சம் ஒதுங்கிக்குங்க, வண்டி வருதுங்க" என்று விருந்தாளியை அழைப்பதுபோலச் சொல்வார். லாரி டிரைவரிடம் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. "நில்லுன்னா நில்லு!" என்று ஒரு சத்தம்தான். கடைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர் கொடியைப் பார்த்து நிற்கப் பழகினார்கள். மாதக்கணக்கில் ஒரு சைக்கிளுக்குக்கூடக் கீறல் விழவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

3. முதலாளி பார்த்த நாள்

தளம் போடும் கட்டம் வந்தது. அப்போது எங்கள் பக்கம் லாரியில் கலந்தே வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் எல்லாம் கிடையாது. சந்துக்குள் மிக்ஸர் மிஷினை ஓட்டி, சட்டி சட்டியாகக் கை மாற்றி மேலே ஏற்ற வேண்டும். ஆரம்பித்தால் முடியும்வரை நிறுத்த முடியாது. அதனால் ஜல்லி முழுவதையும் முன்கூட்டியே விடியற்காலை லாரிகளில் சேர்த்துவிட்டு, அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை போடலாம் என்று திட்டம் வைத்திருந்தேன்.

கட்டடத்தின் முதலாளிக்கு அதே வீதியில் ஏற்கெனவே ஒரு ஜவுளிக்கடை உண்டு. என் திட்டத்தைக் கேட்டதும் அவர் முகம் சுளித்தார்.

"செவ்வாக்கெழமை போயி யாராச்சும் தளம் போடுவாங்களாப்பா? வர்ற வியாழக்கெழமை வளர்பிறை முகூர்த்தம். அன்னைக்கே போட்டுப்போடலாம்."

"ஜல்லி பாதிதானுங்க இருக்குது. அதுக்குள்ள விடியக்கால லாரியில மீதி சேராதுங்க, பகல்லதான் வரோணுமுங்க. அன்னைக்கு வீதி தாங்காதுங்க. நம்ம கடையிலயே முகூர்த்தச் சீலை எடுக்கற கூட்டம் நெரியுமுங்களே."

"அதுனாலதானப்பா அது நல்ல நாளு," என்று சிரித்தார்.

கல்யாண வீட்டுக்காரர்கள் சீலை எடுக்கவும் நாள் பார்ப்பார்கள், இவர் தளம் போடவும் நாள் பார்த்தார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே காலண்டர். எங்கள் காண்டிராக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். "பார்ட்டி சொல்றாரு, நீ ஏம்ப்பா மல்லுக்கட்டறே?" என்றார். அத்தோடு முடிந்தது.

4. வியாழக்கிழமை

பூஜை போட்டு வேலை ஆரம்பமாயிற்று. வெயில் ஏறுவதற்குள் ஜல்லிக் குவியல் கரைந்துவிட்டது. லாரி வந்தபோது வீதியில் தலைகளாகத் தெரிந்தன. பல்லடத்தில் இருந்து சீலை எடுக்க வந்த ஒரு வேன் சரியாகச் சந்து முனையில் நின்று, பெண்களும் குழந்தைகளுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் பஸ்கள் ஹாரனை விடாமல் அழுத்தின.

நான் மேலே, தளத்துக்கு அடித்திருந்த சென்ட்ரிங் பலகைமேல் நின்றேன். எல்லாம் தெரிந்தது. ராஜாமணியக்கா சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்தபடியே, ஒரு கையால் குழந்தைகளைச் சுவரோரம் ஒதுக்கினார். அதற்காக இரண்டடி தள்ளிப் போனார். டிரைவரின் கண்ணாடியில் இருந்து மறைந்தார். நான் சொல்லிவைத்திருந்தபடி டிரைவர் பிரேக் போட்டார். இதுவரைக்கும் எல்லாமே சரியாகத்தான் நடந்தது.

அப்போது முதலாளி உள்ளேயிருந்து வேகமாக வந்தார். "மிஷின் சும்மா ஓடுதப்பா! வா, வா, வரட்டும்!" என்று லாரியின் பாடியைக் கையால் தட்டினார். தட்டினால் வரலாம் என்பது லாரிக்காரர்களின் வழக்கம். தட்டியவர் முதலாளி வேறு. டிரைவர் ஒரு நொடி தயங்கியது மேலிருந்து எனக்குத் தெரிந்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். மிக்ஸர் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. லாரி நகர்ந்தது.

குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராஜாமணியக்காவின் வலது பாதத்தின்மேல் பின்சக்கரம் ஏறியிருந்தது.

ஆட்டோவில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, சட்டிகள் மறுபடி கை மாறத் தொடங்கியிருந்தன. பாதியில் நிறுத்தினால் கான்கிரீட்டில் ஜாயிண்ட் விழும், மழைக்கு ஒழுகும். தொழில்படி அது சரிதான். யார் கேட்டிருந்தாலும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

5. ஆஸ்பத்திரியில்

பாதத்தை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் காலைப் பற்றிக் கேட்கவில்லை.

"சார், நான் செவப்புதானுங்களே காட்டுனேன்?"

"செவப்புதானுங்கக்கா. மேல இருந்து நான் பாத்தேன்."

"அதைய மட்டும் போயிச் சொல்லிப்போடுங்க. பராக்குப் பாத்துட்டு நின்னேன்னு சொல்றாங்களாமுங்க."

முதலாளிதான் அப்படிச் சொல்லியிருந்தார். நான் ஸ்டேஷனுக்குப் போய், கொடியையும் சொன்னேன், லாரியைத் தட்டிய கையையும் சொன்னேன். டிரைவர் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். முதலாளி பெயர் எங்கேயும் வரவில்லை. மறுநாள் காண்டிராக்டர், "இனி வேற ஆளை வெச்சுக்கறோமப்பா" என்று என்னை அனுப்பிவிட்டார். எனக்கு வேறு சைட் கிடைத்தது. ராஜாமணியக்காவை எந்த சைட்டில் சேர்ப்பார்கள்?

6. காலண்டர்

அதற்குப் பிறகு நான் பார்த்த எல்லா சைட்டிலும் ஆபீஸ் சுவரில் தினசரி காலண்டர் மாட்டினேன். வருஷம் பிறந்ததும் சுபமுகூர்த்தம் போட்டிருக்கும் தாள்களில் சிவப்பு மையால் கோடு இழுத்துவிடுவேன். சின்ன இன்ஜினியர்கள் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்தார்கள். கேட்டவர்களுக்குக் காரணம் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் கோடு கோடுதான்.

சில வருஷம் கழித்து அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்குள் உட்கார்ந்து, பக்கத்துப் பட்டறை கொடுத்தனுப்பும் மோட்டார் பாகங்களில் அரத்தால் பிசிறு தேய்த்துக்கொண்டிருந்தார். காப்பித் தண்ணி குடிக்கச் சொன்னார்.

"அந்தத் தளம் ஒழுகுதுங்களா சார்?"

"இல்லீங்கக்கா. ஒரு சொட்டு ஒழுகலையாமுங்க."

"அப்பறமென்னங்க. நல்ல நாள் பாத்துத்தானுங்களே போட்டாங்க."

சொல்லிவிட்டு அரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். குத்திச் சொன்னாரா, மனதாரவே சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. ரிட்டயர் ஆகும்வரை, சிவப்புக் கோடு போட்ட நாளில் என் சைட்டுக்குள் ஒரு லாரியையும் நான் விடவில்லை.