பட்டுத்துணி அட்டிகை

எங்கள் வீட்டில் அப்பாவின் சட்டைக்குப் பித்தான் தங்காது. காலையில் தறிக்கொட்டகைக்குக் கிளம்பும் அவசரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு நெஞ்சுக்கு நேரே விரலால் தடவுவார். பித்தான் இருந்த இடத்தில் நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். பித்தான் என் காதில் இருக்கும். சுற்றிலும் சிவப்பு நூல், கீழே சின்னதாக ஒரு குஞ்சம். "உங்க அக்கா என் தோல மட்டுந்தான் இன்னும் உரிக்கல" என்று சொல்லிவிட்டு, ஊக்கைக் குத்திக்கொண்டு போய்விடுவார்.

எங்கள் வீட்டுத் துணி எதுவும் கிழிந்து கரித்துணியானதில்லை. அதற்கு முன்பே அக்கா கைக்கு வந்துவிடும். சட்டைக் காலருக்குள் விறைப்பாக ஒரு துணி இருக்கும். அதை உருவி வளைத்து, மேலே அம்மாவின் பழைய ரவிக்கைக் கரையைச் சுற்றினால் கைக்கு வங்கி தயார். தீர்ந்துபோன பற்பசை டியூபைப் பிளந்தால் உள்ளே தகடு மின்னும், அது நெற்றிச்சுட்டி. பாவாடை நாடா, பேனா ரீபிள் துண்டு, தறியில் கழித்துப் போட்ட கலர் நூல், எதைக் கொடுத்தாலும் நகையாக்கிவிடுவாள். செய்த நகை எல்லாம் முதலில் என் மேல்தான் ஏறும். நான் அசையாமல் நிற்க வேண்டும். எனக்கு அது மட்டும்தான் வராது. "நெளியாத மூதி" என்று தொடையில் ஒன்று வைப்பாள்.

நான் ஐந்தாவதும் அவள் எட்டாவதும் படித்த வருஷம், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஆடித் தபசுக் கதையை நாட்டியமாகப் போடுவது என்று டீச்சர் முடிவு செய்தார். சங்கரன்கோவிலில் வேறு கதை போட்டால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? அரியும் சிவனும் ஒன்றாக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று அம்பாள் ஒற்றைக்காலில் தபசு நிற்பாள். தேவலோகப் பெண்கள் பசுக்களாகி அவளைச் சுற்றி நிற்பார்கள். கடைசியில் சுவாமி பாதி சிவனும் பாதி பெருமாளுமாகக் காட்சி கொடுப்பார். அக்காதான் அம்பாள். நான் ஒரு பசு.

பசுவுக்கு ஆட்டம் ஒன்றும் பெரிதாகக் கிடையாது. தலையை ஆட்ட வேண்டும். அம்பாள் நகரும்போது நகர வேண்டும். என் வருத்தத்தைப் பார்த்து அக்கா மருந்து பாட்டில் மூடிகளைக் கோத்து எனக்குக் கழுத்துமணி செய்து கொடுத்தாள். அவளோ எந்நேரமும் ஒற்றைக்காலில்தான் நின்றாள். பல் தேய்க்கும்போதும் அப்படித்தான். குழாயடி வரிசையில் இடுப்பில் குடத்தோடும் அப்படித்தான். கண்ணை மூடி, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி நின்றாளென்றால் கூப்பிட்டாலும் காதில் விழாது. அந்த நிலையைப் பார்த்துப் பார்த்து எனக்கே அவளுடைய ஆட்டம் முழுவதும் மனப்பாடம் ஆகிவிட்டது.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும். அம்பாளுக்கு அட்டிகை கட்டிக்கொண்டிருந்தாள். புளியமுத்து ஒவ்வொன்றையும் துணியில் பொதிந்து, நூலால் இறுக்கி, வரிசையாகத் தைக்கிற வேலை. பாதி முடிந்திருந்தது. திடீரென்று மடியிலிருந்ததை எல்லாம் கீழே வைத்துவிட்டு எழுந்து அம்மாவிடம் போனாள். அம்மா அவளை மூலையில் உட்காரவைத்துவிட்டு அப்பாவுக்கு ஆள் அனுப்பினாள்.

பொழுது சாய்வதற்குள் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து அத்தை வந்துவிட்டாள். அப்பாவுக்கு மூத்தவள், எங்கள் வீட்டு நல்லது கெட்டதற்கெல்லாம் அவள் சொல்வதுதான் சட்டம். தாய்மாமா தென்னங்கீற்றோடு வந்து, அவள் தனியே இருக்கப் புறவாசலில் குச்சு கட்டினார். அக்கா சமைந்துவிட்டாள் என்றார்கள். எனக்கு அதில் விளங்கியதெல்லாம், அவளுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கிடைக்கிறது, எனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான்.

அக்காவை யாரும் தொடக்கூடாது. அவளுக்கு என்று தட்டு, தம்ளர், பாய் எல்லாம் குச்சுக்குள் போனது. அத்தை மட்டும் ஒரு பழைய பச்சைப் பட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பாடு வைத்துவிட்டு, அப்படியே அடுப்படிக்கும் வருவாள். எனக்கு நியாயமாகப் படவில்லை.

"நீங்க மட்டும் அக்காவத் தொட்டுட்டு அடுப்பாங்கரைக்கு வாரியளே அத்தை?"

"பட்டுலா உடுத்திருக்கேன். பட்டுக்குத் தீட்டு கெடையாதுட்டி" என்றாள் அத்தை.

மறுநாள் டீச்சர் விசாரிக்க வந்தார். அப்பா கையைப் பிசைந்துகொண்டு, "இனி மேடையேறதெல்லாம் சரிப்படாது டீச்சர்" என்றார். "மேட என்ன மேட, பள்ளிக்கொடமே இனி எதுக்குங்கேன்" என்று அத்தையின் குரல் அடுப்படியிலிருந்து வந்தது. அப்பா அதற்கும் தலையை ஆட்டினார். டீச்சர் என்னைப் பார்த்தார். "ஒனக்கு அந்த ஆட்டம் தெரியுமா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் ஒற்றைக்காலில் நின்று காட்டிவிட்டேன்.

பசுவாக இருந்தவள் ஒரே நாளில் அம்பாள் ஆவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? புறவாசலுக்கு ஓடினேன். கீற்று மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "அக்கா, நாந்தான் அம்பாள்!" என்று கத்தினேன்.

பக்கத்துத் தறிக்கொட்டகையின் இரைச்சல்தான் கேட்டது. அக்கா தூங்குகிறாள் போல என்று திரும்பினேன்.

"அப்பம் அட்டிகையச் சின்னதாக்கணும்" என்று உள்ளிருந்து சொன்னாள்.

ஆனால் சின்னதாக்க அட்டிகை எங்கே இருக்கிறது? சமைந்த நேரத்தில் பெண்பிள்ளை உடுத்தியிருந்த துணி, ஊருக்குத் துணி வெளுக்கிற பெண்ணுக்குச் சேர வேண்டியது. அது ஊர் வழக்கம். அத்தை அத்தோடு விடவில்லை. அக்கா மடியிலிருந்த துணி, பாதி கட்டிய அட்டிகை, புளியமுத்து டப்பா என்று தொட்டது அத்தனையையும் அதே மூட்டையில் சேர்த்துக் காலையிலேயே அனுப்பிவிட்டாள்.

நான் தரையில் விழுந்து புரண்டேன். மொட்டைக் கழுத்தோடு அம்பாள் எப்படி நிற்பாள்? அக்காவே உள்ளே இருந்து மறுபடி செய்து தரட்டும் என்றால், அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "சாமிக்குப் போடுத நகைலாட்டி. தீட்டுக்காரி தொட்டுத் தச்சா சாமிக்குத்தம் ஆயிராதா?" அத்தைக்கு என் மேல் கோபம் ஒன்றுமில்லை. உண்மையாகவே பயந்தாள். சரி, நானே செய்கிறேன் என்று உட்கார்ந்து நான்கு புளியமுத்தைக் கட்டினேன். கழுத்தில் வைத்ததும் மூன்று கீழே விழுந்தன.

மத்தியானம் அம்மா பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில் இருந்த முகூர்த்தப் பட்டை எடுத்தாள். மாம்பழக் கலரில் உடம்பு, அரக்குக் கலரில் ஜரிகை முந்தி. கல்யாண வீட்டுக்குப் போனால் மட்டும் அம்மா கட்டுகிற சேலை. நாங்கள் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றாலும் கை கழுவிவிட்டு வர வேண்டும். அதை மடியில் விரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கத்தரியை எடுத்து முந்தியைக் குறுக்கே வெட்டினாள்.

கறகறவென்ற அந்தச் சத்தம் கேட்டுப் படுத்திருந்த அத்தை எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? தாலி கட்டுன சேலைலா அது!"

அம்மா கத்தரியை நிறுத்தவில்லை. "பட்டுக்குத் தீட்டு கெடையாதுன்னு நீங்கதான மதினி சொன்னிய. அவளே தச்சிக் குடுக்கட்டும்."

அத்தை சொன்ன சட்டம். அவளே உடுத்தியும் இருக்கிறாள். இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

"உள்ள வைக்குத புளியமுத்து?"

"அது பட்டுக்குள்ளதான இருக்கு."

"கோக்குத நூலு?"

அம்மா வெட்டிய ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தூக்கிக் காட்டினாள். அதுவும் பட்டு. அடுத்து ஊசியைப் பற்றித்தான் கேட்பாள் என்று எனக்கே தெரிந்தது; மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை என் முகத்தைப் பார்த்தாள், அம்மாவின் மடியைப் பார்த்தாள். "ஊசி இரும்பு. அதுக்குத் தோசமில்ல" என்றாள். அதோடு நிற்காமல் கத்தரியை வாங்கித் தன் பச்சைப் பட்டின் ஓரத்தில் ஒரு சாண் வெட்டிப் போட்டாள். "அரக்கு மட்டும் போட்டா எடுக்குமாக்கும்? நடுவுல பச்சை வேண்டாமா?"

அக்காவின் சடங்குக்கு எடுத்த போட்டோவில் எல்லோரும் பட்டில் நிற்கிறார்கள். அம்மா மட்டும் நூல் சேலையில் நிற்கிறாள். அந்தப் படத்தைப் பார்த்த யாரும் இதுவரை ஏன் என்று கேட்டதில்லை. நானே வெகு காலம் கேட்கவில்லை.

நகை செய்வதென்றால் அளவு வேண்டும். என்னை அக்கா தொடக்கூடாதே! குச்சுக்குள்ளிருந்து ஒரு பட்டு இழை வெளியே விழும். அதை நான் கழுத்தில் சுற்றி, முடிச்சுப் போட்டுத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். ஒரு கை வந்து எடுத்துக்கொள்ளும். கழுத்துக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒரு முடிச்சு. நான் கூச்சத்தில் இடுப்பை எக்கிக்கொண்டு அளந்ததைக்கூட நூலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "மூச்ச விட்டுட்டு அளட்டி" என்று நூல் திரும்பி வந்தது.

சாயங்காலமானால் புறவாசலில் நான் ஆட வேண்டும். அவள் கீற்று இடுக்கு வழியாகப் பார்ப்பாள். "கால ஊனாத." "கண்ண மூடு, சாமி வருதாரான்னு திருட்டுத்தனமாப் பாக்காத." "கை கீழ எறங்குது பாரு." டீச்சர்கூட இத்தனை குறை சொன்னதில்லை. எனக்கு எரிச்சலாக வரும். அட்டிகைக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

விழா அன்று காலையில் ஒரு வாழையிலையில் எல்லாம் வெளியே வந்தன. அரக்கும் பச்சையும் மாறிமாறிக் கோத்த அட்டிகை, ஜரிகைக் கரை ஓடிய ஒட்டியாணம், இரண்டு வங்கி, நெற்றிச்சுட்டி. ஒரு தையல்கூட வெளியே தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அத்தை மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். தெளித்துவிட்டு, "அம்புட்டும் தங்கமாட்டுல்லா இருக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் ஆடினேன். தன் அப்பாவின் சிவப்புப் புள்ளிப் போர்வையைப் பாதி உடம்புக்கும், அம்மாவின் நீலச் சேலையைப் பாதி உடம்புக்கும் சுற்றிக்கொண்டு வந்த என் வகுப்புப் பிள்ளைதான் சங்கரநாராயணர். அவள் வருகிற வரை ஒற்றைக்காலில் நின்றேன். ஒரே ஒரு தடவை காலை ஊன்றிவிட்டேன், பசுக்கள் மறைத்துக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை. கைதட்டல் நிற்க வெகு நேரம் ஆயிற்று. முன்வரிசையில் இருந்த பொம்பளைகள் என்னைக் கிட்டே இழுத்து அட்டிகையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். "நெசப் பட்டாட்டி?" என்றார்கள். நான் அம்பாளைப் போலவே பதில் சொல்லாமல் நின்றேன்.

அத்தனை நகையோடும் தெரு வழியே நடந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். நேரே குச்சுக்குத்தான் போனேன். கைதட்டினது, பொம்பளைகள் கேட்டது, சாமியின் போர்வை பாதியில் அவிழ்ந்தது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

"கழட்டி எலையில வையி. பாத்துட்டுத் தாரேன்" என்றாள்.

வைத்தேன். இலை உள்ளே போனது. வெகு நேரமாகியும் திரும்பி வரவில்லை. எங்காவது தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிறாள் போல என்று நினைத்து, கீற்று இடுக்கில் கண்ணை வைத்தேன்.

உள்ளே சிம்னி விளக்கு எரிந்தது. அக்கா எல்லாவற்றையும் போட்டிருந்தாள். என் கழுத்துக்குத் தைத்த அட்டிகை அவளுக்குப் பின்னால் கூடவில்லை, ஒரு நூலைக் கொடுத்து இழுத்துக் கட்டியிருந்தாள். வங்கி கை பிதுங்க ஏறியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள். கூரை தாழ்வு; தூக்கிய கை கீற்றில் இடிக்காமல் இருக்க அதைக் கொஞ்சம் மடக்கி வைத்திருந்தாள்.

இவள் தப்பாக நிற்கிறாளே என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்போதுதான் மேடையில் ஆடிவிட்டு வந்தவள் நான்.

"அக்கா, கை இன்னும் மேல போணும்" என்றேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. கை மெதுவாக மேலே போய், விரல்கள் கீற்றுக்குள் நுழைந்தன.

"இப்பம் சரியாட்டி?"

"ம், இப்பம் சரி" என்று சொல்லிவிட்டு நான் சாப்பிடப் போனேன்.