கல்லின் மேல் ஒரு கல்பாக்

தலை போகிற காரியமானாலும் எசென் தன் கல்பாக்கைக் கழற்றமாட்டான். கல்யாணத்தன்று மாமனார் சூட்டிய வெள்ளைக் கம்பளித் தொப்பி அது. கொச்கோர், நாரின் என்ற இரண்டு மலையூர்களுக்கு இடையே அவன் வாடகைக் கார் ஓட்டினான். "உள்ள தலை இருக்கா, குருவிக்கூடு இருக்கா?" என்று மற்ற டிரைவர்கள் சீண்டுவார்கள்.

"கல்பாக்கை விட்டவன் தலையை விட்டவன்டா!" என்பான் எசென்.

அன்று காலி வண்டியோடு கணவாயிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். வளைவில் மிரண்ட குதிரை ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தும் மோதிவிட்டது. குதிரை எழுந்து மேய்ச்சல் முகாமுக்கே ஓடிவிட, அதில் வந்த மேய்ப்பன் சாலையில் கிடந்தான். தொடையிலிருந்து ரத்தம் கொப்பளித்தது.

எசென் பெல்ட்டை உருவித் தொடையை இறுக்கிக் கட்டினான். போனில் சிக்னல் இல்லை. வேறு வண்டியும் வரவில்லை. சட்டம் அவனுக்கு மனப்பாடம்: மோதியவன் நிற்க வேண்டும், உதவ வேண்டும்; வேறு வழியில்லையென்றால் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்புவான் என்று யார் நம்புவார்கள்? இடித்துவிட்டு ஓடினான் என்ற பெயர் ஒட்டினால் லைசென்ஸும் போகும், மானமும் போகும்.

கல்பாக்கைக் கழற்றினான். ரத்தக் கறைக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் வைத்தான். ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தான்!

"அண்ணே, தூங்காதீங்க! பேரென்ன?"

"ஜொல்தோஷ்... குதிரை?"

"அது நம்ம ரெண்டு பேரையும் விட நல்லா இருக்கு! பேசுங்க, திட்டவாவது செய்யுங்க!"

ஜொல்தோஷ் திட்டினான். எசெனுக்கு அது தேனாக இனித்தது. மேய்ப்பனை டாக்டரிடம் ஒப்படைத்து, பிழைத்துவிடுவான் என்று கேட்டபிறகே வண்டியைத் திருப்பினான். வெறுந்தலையில் காற்று அறைந்தது.

வளைவில் ஒரே கூட்டம். ஆளில்லாமல் வந்த குதிரையைக் கண்டு பதறி ஓடிவந்த ஜொல்தோஷின் மனைவி சைராகான், கல்பாக்கை மார்போடு அணைத்தபடி போலீஸ்காரனிடம் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஓடிட்டான்னு எழுதாதே! கல்பாக்கை வச்சுட்டு ஓடுற ஆம்பளையை எங்கயாவது பாத்திருக்கியா?"

எசென் வண்டியிலிருந்து குதித்தான். "அக்கா! உயிரோட இருக்கார்! என்னைத் திட்டித் தீர்த்துட்டார்!"

சைராகான் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். "குனிடா தம்பி" என்றாள்.

குனிந்தான். ஒரு கையால் கண்ணைத் துடைத்தபடி மறுகையால் அவளே சூட்டிவிட்டாள். கல்பாக் கோணலாக உட்கார்ந்தது. பொழுது சாயும்வரை எசென் அதை நிமிர்த்தவே இல்லை.