மூலை கருகிய கடுதாசி

என் வீட்டுக்காரர் பட்டாளத்தோடு சீனத்துச் சண்டைக்குப் போயிருந்தார். அங்கிருந்து கடுதாசி வரும். அவருக்கு எழுதத் தெரியாது. பட்டாளத்து எழுத்தர் எழுதுவார். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அப்பாவுக்கு நமஸ்காரம், அக்காவுக்கு, தம்பிக்கு, பிறகு செவலைக் காளை தீனி எடுக்கிறதா. கடைசி வரியில் நான். காளைக்கும் பின்னால்.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் எழுத்து வாசனை கிடையாது. ஜவுளி விற்கும் ராவுத்தர்தான் படித்துச் சொல்வார். அந்தக் கடுதாசி வந்த அன்று அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தைக்குப் போயிருந்தார்.

உறையின் ஒரு மூலை கறுத்திருந்தது. நல்ல சேதி என்றால் மூலையில் மஞ்சள் தடவி வரும். சாவுச் சேதி என்றால் கரி. அதைப் படிக்க எழுத்து வேண்டாம் என்பது எங்கள் ஆட்களின் நினைப்பு.

என் வீட்டுக்காரரின் அக்காதான் முதலில் பார்த்தாள். உறையைப் பிரிக்கவில்லை. வாசலில் விழுந்து அலறினாள். தெரு கூடிவிட்டது.

"மதினி, பிரிக்காம எப்படித் தெரியும்?" என்றேன்.

"மூலையப் பாருட்டி! கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ராவுத்தர் வரட்டும்."

"வந்து செத்தவன எழுப்புவாராக்கும்?"

கொழுந்தன் வாயில் துண்டை வைத்து அழுதுகொண்டிருந்தார். நடுவில் துண்டை எடுத்தார். "வடக்குப் புஞ்சைய இனி நான் பாத்துக்கிடுதேன். நீங்க கவலப்படாதீக" என்றார். துண்டைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் செய்கிற காரியத்தை மதினி அப்போதே தொடங்கினாள். என் கையை வாசற்படியில் வைத்து வளையல்களை நொறுக்கினாள். அடுத்துத் தாலிக்குக் கை நீட்டினாள். ஒரு கையால் தாலியைப் பொத்திக்கொண்டேன். மறு கையால் கடுதாசியைப் பிடுங்கினேன். நடந்தேன்.

ஏழு மைல். எழுத்துத் தெரிந்திருந்தால் அது மிச்சம். கோபுரம் கண்ணில் படுகிறவரை தாலியை விடவில்லை.

ராவுத்தர் சந்தையில் துணி விரித்திருந்தார். என் கை ரத்தத்தைப் பார்த்தார்.

"என்ன தாயி இது?"

"படிங்க."

படித்தார். சிரித்தார். "ஆளு கல்லு மாதிரி இருக்காரு தாயி. உறை பனியில நனைஞ்சு போச்சாம். அடுப்புல காட்டினதுல மூலை கருகிடுச்சாம். வேற உறை கெடைக்கல, தப்பா நெனைக்காதீகன்னு எழுதியிருக்கு."

"வேற?"

"காளை தீனி எடுக்குதான்னு கேக்காரு."

திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து சாவு வீட்டுக்கென்று சோறு வந்திருந்தது. இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உசுரோட இருக்காரு" என்றேன்.

கொழுந்தன் கை கழுவ எழுந்தார். சோறு முடிந்திருந்தது.

"சாமி காப்பாத்திட்டாருடி!" என்றாள் மதினி.

"யாருகிட்ட இருந்து?" என்றேன்.

மறுநாள் புது வளையல் வாங்கி வந்தாள். நான் போடவில்லை. அந்த ராவுத்தரிடமே எழுத்துப் படித்தேன்.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். முதலில் தொழுவத்துக்குப் போய்க் காளையைத் தடவினார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"ஏட்டி, வளையல் எங்க?"

"உங்க அக்காகிட்ட கேளுங்க."

கேட்டார். மதினிக்கு அன்று அழுகை வரவில்லை.