வெளிச்சம் தெரியாத சாம்பியன்

ஷாலுவைக் கண் மருத்துவர் நாற்காலியில் உட்கார வைத்தபோது, தனக்கு எதுவும் தெரியக்கூடாது என்று அவள் பதறிக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்ற அவள் அம்மா ராஜபாய், துளி வெளிச்சமாவது தெரியட்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

ஷாலு, தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலைக்காரி. பிறவியிலேயே பார்வை இல்லை. திருவனந்தபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது ஜூடோ கற்றாள். பார்வையற்றோர் ஜூடோவில் இருவரும் ஒருவர் சட்டையை மற்றவர் பிடித்தபடிதான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். பிடித்த கணமே, எதிராளி எந்தக் காலில் ஊன்றி நிற்கிறாள், எப்போது தளர்கிறாள் என்பது துணி வழியாக ஷாலுவுக்குத் தெரிந்துவிடும். முழுப் பார்வையற்றோர் பிரிவில் அவள் தேசியச் சாம்பியன் ஆனது அந்தக் கைகளால்தான்.

பதக்கம் வீட்டுக்கு வந்த வாரம் ஊரில் சுகமளிக்கும் கூட்டம். நன்மை பெற்றவர்கள் மேடையேறிச் சாட்சி சொல்வது அங்கே வழக்கம். ராஜபாய் நன்றி சொல்லத்தான் ஏறினாள்.

"கண்ணு தெரியாத பிள்ளை எப்படியம்மா ஜெயிக்கும்? கண்ணு திறந்திருக்குமே?" என்று கூட்டம் நடத்திய ஊழியக்காரர் மைக்கை நீட்டினார்.

கூட்டம் அல்லேலூயா என்று முழங்கியது. ராஜபாயும், "ஆமா, எனக்க மோளுக்கு வெளிச்சம் தெரியுது" என்று சொல்லிவிட்டாள்.

காணொளி எல்லா செல்பேசிகளிலும் ஓடியது. யாரோ அதைப் பார்வையற்றோர் ஜூடோ சம்மேளனத்துக்கு அனுப்பினார்கள். கண் மறுபரிசோதனை முடியும்வரை ஷாலுவுக்கு இந்திய அணியில் இடமில்லை என்றார்கள். பார்வையற்ற பெண் உழைத்து ஜெயித்தாள் என்று மட்டும் நம்ப இந்த நாட்டுக்கு மனம் வராது. ஒன்று அற்புதம், இல்லையென்றால் மோசடி. பயிற்சியாளர் ரெஜி வந்து, மேடையில் சொன்னதை மறுத்துச் சொல்லும்படி ராஜபாயிடம் கெஞ்சினார். சாட்சியை மாற்றினால் கர்த்தரைப் பொய்யராக்குவதாகும் என்று அவள் மறுத்துவிட்டாள்.

"நான் ஜெயிச்சது எனக்க கையால. அதுக்குக் கண்ணு எதுக்கும்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஷாலு அம்மாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

மருத்துவர் விளக்கை இடமும் வலமும் அசைத்தார். வெளிச்சம் எங்கே என்று கேட்டார். தெரியவில்லை என்றாள் ஷாலு. கண்கள் அசையவே இல்லை. கருவிகளும் அதையே சொல்லின. ஷாலு நீண்ட மூச்சு விட்டாள்.

உடன் வந்திருந்த சம்மேளன அதிகாரி திருப்தியடையவில்லை. அப்படியானால் அந்தக் காணொளி என்ன என்று ராஜபாயைப் பார்த்தார்.

ராஜபாய் மகளின் அசையாத கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது சாரே. அத்தனை பேரு முன்னால இல்லைன்னு சொல்ல எனக்குத்தான் தைரியம் வரல."

அதிகாரி தலையாட்டினார். அன்று மாலையே ஷாலுவை அணியில் சேர்த்துவிட்டதாக ரெஜி அழைத்துச் சொன்னார். அப்போது அம்மாவும் மகளும் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பாறசாலை பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள்.

"உனக்க ஜெபம் பலிக்கல போல" என்றாள் ஷாலு.

"வாயடக்குடீ. உனக்க ஆசை பலிச்சுதே, போதும்" என்ற ராஜபாய், ஊழியக்காரரை அழைத்து, காணொளியை எடுத்துவிடச் சொன்னாள். அவர் ஏதோ வசனம் சொல்லத் தொடங்கியதும், "எடுங்க ஐயா" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு வைத்தாள்.

பஸ் வந்தது. ஏறும்போது ஷாலு அம்மாவின் சேலையைத் தோளருகே பிடித்தாள். இத்தனை நாளும் கல்லாக இறுகியிருந்த தோள் தளர்ந்திருப்பது துணி வழியாகவே அவளுக்குத் தெரிந்தது.