யர்மிலாவின் ஒன்பது மில்லிமீட்டர்

சில வாரங்களாகவே யர்மிலா ராதிமின் துப்பாக்கிக் கடைக்குப் போவதும், அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டு வருவதுமாக இருந்தாள்.

"யர்மிலாம்மா, இன்னிக்காவது அதைக் கூட்டிட்டுப் போறீங்களா? தொடைச்சுத் தொடைச்சு எனக்கே அலுத்துப்போச்சு" என்றான் ராதிம்.

"பொண்ணு பாக்க வந்தவங்களை அவசரப்படுத்தக் கூடாதுடா."

அது ஒன்றுக்குள் இரண்டாக இருக்கும் துப்பாக்கி. எண் பொறித்த சின்ன உலோகக் கூடு உள்ளே இருக்கும். பிடியும், மேலே நகரும் ஸ்லைடும், குழலும் அதற்குப் போட்ட சட்டை மாதிரி. ஒன்பது மில்லிமீட்டர் மேல்பாகத்தைக் கழற்றிவிட்டு இருபத்திரண்டு எனப்படும் சின்னத் தோட்டாவுக்கான மேல்பாகத்தை மாட்டினால், மணிக்கட்டை உதறும் துப்பாக்கி லேசாகத் தும்முவதோடு நின்றுவிடும். அந்தத் தும்மல்தான் யர்மிலாவுக்குத் தேவைப்பட்டது. ஆனால் அதை யாரும் தெரிந்துகொள்ளக் கூடாது.

ஊரிலிருந்து திராட்சைத் தோட்டக் கிராமங்களுக்குப் போகும் மாவட்டப் பேருந்தை ஓட்டுகிறவள் அவள். நான் அவளுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் கல்குவாரியில் சுடுவோர் சங்கத்துக்குப் புள்ளி எழுதிக் கொடுக்கிறேன். சத்தத்துக்குப் பயந்து காதைப் பொத்திக்கொண்டே எழுதுகிற ஆள் என்பதால் என்னை யாரும் போட்டியாக நினைப்பதில்லை. யர்மிலாவின் வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது ஓல்டாவுக்கும் எனக்கும்தான் தெரியும். ஓல்டா அவள் புருஷன், ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். பேருந்தில் ஏறும்போது கைக்குப் பட்டை கட்டிக்கொள்வாள். குவாரி வாசலில் காரை நிறுத்தியதும் அதைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்துவிடுவாள். அதிரும் எதையும் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அவள் சங்கத்தில் சேர்ந்த நாளில், பெண் என்பதால், பேசாமல் ஒரு இருபத்திரண்டை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். அவள் அதை மேஜையில் வைத்துவிட்டு ஒன்பதைக் கேட்டு வாங்கினாள். அன்று மாலையே பாதிப் பேரை ஜெயித்தாள். அதற்கப்புறம் இருபத்திரண்டு சுடும் வரிசைக்கு 'பாலர் பள்ளி' என்று பெயர் வைத்ததும் அவள்தான். சங்கத் தலைவர் பொஹுமிலுக்கு நெஞ்சைத் திறந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் அந்த வரிசைக்கு மாறினபோதும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன தலைவரே, கொசு அடிக்க வந்தீங்களா? பால்புட்டியை மறந்துடலையே?"

குவாரியே சிரிக்கும். பொஹுமிலும் சிரிப்பார். வாராவாரம் அந்தக் கேலியை வாங்கிக்கொண்டு சிரித்தவர் அவர்.

இப்போது அவளே பாலர் பள்ளி வாசலில் நிற்கிறாள். அதுவும் வலியோடு.

"தனியா ஒரு இருபத்திரண்டு வாங்கேன்" என்றான் ஓல்டா சாப்பாட்டு மேஜையில். "விலையும் கம்மி, தோட்டாவும் உள்ளே சிக்காது. கழட்டற வேலையும் இல்ல, மாட்டற வேலையும் இல்ல."

"அதைக் கொண்டுபோய் அவங்க மேஜைல வைக்க முடியாது."

"ஏன், மேஜை உடைஞ்சிடுமா?"

"நான் உடைஞ்சிடுவேன். பேசாம சூப்பைக் குடி."

அவள் கணக்கு வேறு. மாற்றக்கூடிய துப்பாக்கி என்றால் அதன் பெயர் ஒன்பதுதான். ஒன்பதின் தோட்டா விலை ஏறிவிட்டது என்று எல்லோரும் புலம்புகிறார்கள். பழகுவதற்கு மட்டும் இருபத்திரண்டு போட்டிருக்கிறேன் என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

அந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்பது ராதிமின் கடையில்தான் தெரிந்தது. ஒன்பது பூட்டியிருந்த துப்பாக்கியை அவன் அவள் கையில் கொடுத்து, "நீங்களே ஒருதடவை மாத்திப் பாருங்க" என்றான். மேல்பாகம் கழல வேண்டுமானால் முதலில் ஸ்லைடைப் பின்னால் இழுத்து, அது அங்கேயே நிற்கும்படி கட்டைவிரலால் ஒரு சின்னக் கொக்கியை மேலே தள்ள வேண்டும். யர்மிலா இழுத்தாள். கட்டைவிரல் மூட்டு இடம் கொடுக்காமல், அது பாதி வந்து திரும்பிப் போய்விட்டது. மறுபடி இழுத்தாள், மறுபடியும் அப்படியே. ராதிம் முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணெய் டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தான்.

இருபத்திரண்டின் ஸ்பிரிங் லேசு, அதைக் கழற்ற அவளால் முடியும். ஒன்பதை ஒருதடவை மாட்டிவிட்டால் கழற்ற முடியாது.

"உண்மையைச் சொல்லு ராதிம். இது வாங்கலாமா, வேணாமா?"

"இதை வாங்கறவங்க பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான் மாத்துவாங்க, யர்மிலாம்மா. அப்புறம் எது மாட்டியிருக்கோ அதுவே இருந்துடும். இன்னொரு பாகம் பெட்டியில தூங்கும். வித்து லாபம் பாக்கறவன் சொல்றேன், நீங்க யோசிச்சுக்குங்க."

அவள் யோசிக்கவில்லை. தன் பழைய இரும்பு ஒன்பதை ஈடாகக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கினாள். இரண்டு மேல்பாகங்களும் அவள் பெயரில் பதிவாயின. ஓல்டா முணுமுணுத்துக்கொண்டே இருபத்திரண்டை மாட்டிக் கொடுத்தான். ஒன்பது பெட்டகத்துக்குள் போயிற்று.

எங்கள் சங்கத்தில் புதுத் துப்பாக்கி வந்தால் ஒரு வழக்கம் உண்டு. பச்சைத் துணி விரித்த மேஜையில், ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, வாயைத் திறந்து வைப்பார்கள். சொந்தக்காரர் ஐந்து குண்டு சுட வேண்டும். பிறகு மற்றவர்கள் ஆளுக்கு ஐந்து. எல்லாத் துப்பாக்கியும் பூட்டிய பிறகு பிளம் சாராயம், சுட்ட பன்றித் தொத்திறைச்சி, கடுகு மாதிரி மூக்கில் ஏறும் துருவிய காரக்கிழங்கு. யர்மிலா தன்னுடையதை மேஜையில் வைத்தபோது முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"இது ஒன்பது. மேல்பாகம் இன்னும் வந்து சேரலை. அதுவரைக்கும் இந்தப் பொம்மையை மாட்டியிருக்கேன்."

"வரலையா?" என்றார் பொஹுமில். தன் பெட்டியைத் திறந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். அதே மாதிரித் துப்பாக்கியின் ஒன்பது மேல்பாகம். அவரும் போன வருஷம் வாங்கியிருக்கிறார். ராதிம் அவளிடம் அதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. ஒருவர் வாங்கியதை இன்னொருவரிடம் சொல்லும் கடைக்காரன் இல்லை அவன்.

"நெஞ்சு சரியானா போட்டுக்கலாம்னு வாங்கினேன். டாக்டர் இன்னும் விட மாட்டேங்கறார். உனக்காவது உபயோகப்படட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருபத்திரண்டைக் கழற்றிவிட்டு அதை அவள் துப்பாக்கியில் மாட்டி, வாயைத் திறந்து வைத்தார். சட்டென்று பொருந்திவிட்டது. பொருந்துவதற்காகத்தானே அதைச் செய்திருக்கிறார்கள்.

"என்ன யர்மிலா, முழிக்கற? பால்புட்டி வேணுமா?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவள் சுட்டாள். ஐந்தும் இலக்கின் நடுக் கறுப்புக்குள். என் கை எழுதியது, கண் அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் அங்கே ஒரு நரம்பு துடித்தது. மற்றவர்களும் சுட்டு முடித்தார்கள். காலி என்று காட்டி, ஸ்லைடை மூடி, துப்பாக்கியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

"கழட்டிக் குடு, யர்மிலா" என்றார் பொஹுமில்.

"அடுத்த வாரம் தரேனே. இன்னும் ரெண்டு தடவை சுட்டுப் பாக்கறேன்."

"அது என் பேர்ல பதிவான பாகம். வாசலைத் தாண்டக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? அந்தச் சட்டத்தை எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவளே நீதான்."

அது உண்மைதான். அவள் மண்மேட்டின் பக்கம் குழலைத் திருப்பிக்கொண்டு நின்றாள். இழுத்தாள். பாதி வந்து திரும்பிற்று.

"ஸ்பிரிங் புதுசு, அதான்" என்றாள்.

"ஆமா. பெட்டியிலேயே கிடந்தது."

மற்றவர்கள் அடுப்புப் பக்கம் போயிருந்தார்கள். "சீக்கிரம் வாங்க, கருகுது!" என்று அங்கிருந்து குரல் வந்தது. அவள் இன்னொருமுறை இழுத்தாள். பொஹுமில் அவசரப்படாமல் பக்கத்தில் நின்றார். கடைசியில் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். அவர் இடுப்போடு அணைத்துப் பிடித்து ஒரே இழுப்பில் கழற்றினார். அவளுடைய இருபத்திரண்டை மாட்டித் திருப்பித் தந்தார்.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"எந்த டாக்டர்?"

"சரி, விடு." தன் பாகத்தைத் துணியில் சுற்றினார். "உன்னோடது வர்ற வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் இதை எடுத்துட்டு வரேன். நீ சுட்டு முடிச்சதும் நீயே கழட்டிக் குடுத்துடு. இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

அவர் முகத்தை நான் உற்றுப் பார்த்தேன். அன்பா, வாராவாரம் வாங்கிய சிரிப்புக்குக் கணக்குத் தீர்ப்பதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. யர்மிலாவுக்குப் பிடிபட்டிருக்கலாம். அவள் தொத்திறைச்சியைத் தொடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்ததும் துப்பாக்கியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். மாடிச் சாவி வாங்க வந்த நானும் அங்கே இருந்தேன்.

"ஓல்டா, பெட்டகத்துல இருக்கற ஒன்பதை எடுத்து மாட்டு."

"மாட்டறேன். குவாரில யார் கழட்டறது?"

"என் பாகம்தானே, வந்துடுச்சுன்னு சொல்லிக்கறேன். யாருக்கும் கழட்டிக் குடுக்க வேண்டாம்."

"உன் விரல்?"

"அதையும் கழட்ட முடியாது. மாட்டு."

ஓல்டா என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த சாவியைப் பார்த்தேன். அவன் மாட்டினான். கழற்றிய இருபத்திரண்டைப் பெட்டியில் வைத்து மூடினான்.

மறுநாள் காலை குவாரி வாசலில் பொஹுமிலின் கார் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. யர்மிலா இன்ஜினை அணைத்தாள். பல்லால் பட்டையின் முடிச்சை இழுத்து அவிழ்த்து, அதைக் கைப்பைக்குள் திணித்துவிட்டு இறங்கினாள்.