நிற்காத கம்ப்யூட்டர்

பருத்திப்பட்டில் ஏரியைப் பார்த்த வீடு விஜிக்கு. பார்க்கத்தான் நேரமில்லை. வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. கை கொஞ்சம் ஓய்ந்தால் மேனேஜர் போன் அடிப்பார். நாற்காலியை விட்டு எழுந்தால் மாமியார் குப்பம்மா, "சும்மாதானே கீறே, அந்தத் துணிய எடு" என்பாள்.

அவளுக்கு இருந்த ஒரே நல்ல துணை அந்தப் பழைய கம்ப்யூட்டர். தினமும் மதியம் சூடேறி நின்றுவிடும். மறுபடி உயிர் வர அரைமணி ஆகும். "சிஸ்டம் நின்னுடுச்சு சார்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, நாற்காலியிலேயே உட்கார்ந்து ஜன்னல் வழியே ஏரியைப் பார்ப்பாள். ஆபீசைப் பொறுத்தவரை அவள் வேலையில் இல்லை; வீட்டைப் பொறுத்தவரை அவள் வேலையில்தான் இருக்கிறாள். அந்த அரைமணியில் யாரும் அவளைக் கூப்பிட முடியாது.

அதுவும் அவள் கணவன் டில்லிபாபுவுக்குப் பொறுக்கவில்லை. "எப்பப் பாத்தாலும் நின்னுக்கினே கீது, பாவம் நீ" என்று புதுசு வாங்க அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு அழைத்துப்போனான்.

"உனுக்குப் புடிச்சத எடு" என்றான் பெருந்தன்மையாக.

விஜி கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டாள். "இருக்கிறதிலேயே ஸ்லோவானது எதுங்க?"

டில்லிபாபு பூரித்துப்போனான். "பாத்தியா அண்ணாத்தே, எனக்குச் செலவு வெக்கக் கூடாதுன்னு பாக்குது! அதெல்லாம் வேணாம். காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் நிக்காம ஓடுறதா ஒண்ணு குடு."