ஆறாட்டு நாளில் பம்பாய் விமானம்

"…எல்லாம் உம்ம தங்கச்சி ராசிதாம்வே! அரை நாள்ல பறந்து வார ப்ளேனையே கொச்சியில நிறுத்திட்டுல்லா!"

பந்தலில் அத்தனை பேர் முன்னால் இப்படிச் சொன்னவர், மறுநாள் என் தங்கைக்கு மாமனாராகப் போகிற திருநெல்வேலிக்காரர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாப்பிள்ளை பம்பாயிலிருந்து ரயிலிலேயே வரட்டும் என்று கெஞ்சியவன் நான். கல்யாணத்துக்கு முந்தின நாள் எங்கள் ஊர்க் கோயிலில் ஆறாட்டுத் திருவிழா. சுவாமி கடலில் நீராடப் போகும் வழி, திருவனந்தபுரம் விமானத் தளத்தின் ஓடுபாதை. அன்று மாலை விமானம் இறங்காது என்று படித்துப் படித்துச் சொன்னேன். "ரயில்ல மூணு நாள் உருண்டு வர எம்மவன் என்ன மூட்டையா?" என்று சிரித்தார்.

"மாமா, ப்ளேனை நிறுத்தினது அவ இல்ல, சாமி! ஏசணும்னா சாமியை ஏசும்!" என்று கத்திவிட்டேன். உள்ளே தங்கை விசும்புவது கேட்டது.

மாப்பிள்ளை கொச்சியிலிருந்து கார் பிடித்து வந்து, முகூர்த்தத்தில் தாலி கட்டிவிட்டார். ஆனாலும் அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை. மாப்பிள்ளை பறந்து வந்தாலும் உருண்டு வந்தாலும், பழி பெண் தலையில்தான் வந்து இறங்குகிறது.

அன்று நான் கத்தி முடிக்கவும், ஆறாட்டு ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் வரவும் சரியாக இருந்தது. அவர் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்; கன்னத்தில் போட்டுக்கொண்டு சாமியைக் கும்பிட்டார். தங்கை இருந்த பக்கம் திரும்பவேயில்லை.